வழக்கேடும் வழித்தடமும்: இலண்டன் நகரில் தன்பாலீர்ப்பாளர் வரலாற்று நடைகள்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டுவிட்டுக் கோவலன் மதுரை மாநகரைச் சுற்றிப் பார்க்கிறான். கணிகையர் வீதி, மணிக்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாக அவன் கடந்து செல்ல, அவனுடைய கால்களின் வழியே நகரம் நமக்கு அறிமுகமாகிறது. நகரத்தை நடந்தறிவது என்பது தமிழ் இலக்கிய மரபுக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி அந்நகரின் பகலையும் இரவின் யாமங்களையும் தெருத்தெருவாகக் காட்டுவதை நாம் அறிவோம்.

அண்மைக் காலத்தில் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ‘வரலாற்று நடை’ என்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, பத்துப் பதினைந்து பேர் பின்தொடர்ந்து, நகரின் ஒரு பகுதியை ஒரு குறிப்பிட்ட நோக்கில் பார்த்து வருவர். இவற்றுள் ஒரு வகை, தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றைத் தேடிச் செல்லும் நடையாகும். நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, பெர்லின், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களிலும் இத்தகைய நடைகள் உள்ளன. எனினும், நம் நாடுகளின் சட்ட வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது இலண்டன் நகரமே. ஆகவே இக்கட்டுரை இலண்டனை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இங்கு நாம் எழுப்பும் வினா ஒன்றே. இந்த நடைகளின் வழித்தடத்தைத் தீர்மானித்த சான்றுகள் யாரால், எதற்காக எழுதப்பட்டவை? பெரும்பாலும் அவை காவலர்களாலும் நீதிமன்ற எழுத்தர்களாலும் எழுதப்பட்டவை. ஒரு மக்களைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்ட ஏடுகளைக் கொண்டு அம்மக்களின் வரலாற்றை மீட்க இயலுமா? இயலுமெனில், அம்மீட்பில் யார் இடம்பெறுகின்றனர், யார் விடுபடுகின்றனர்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் அடிப்படை.

சொல்லாட்சி குறித்து ஒரு குறிப்பு இன்றியமையாதது. ‘தன்பாலீர்ப்பாளர்’ என்பது அண்மைக் காலத் தமிழ்ச்சொல். 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் வாழ்ந்த ஒருவர் தம்மை இப்பெயரால் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அக்காலத்து ஆண்கள் கூடிய இல்லங்களும் மதுக்கூடங்களும் ‘மாலி இல்லங்கள்’ எனப்பட்டன. இன்றைய சொல்லை அன்றைய மனிதர் மீது ஏற்றும்போது எச்சரிக்கை தேவை. வசதி கருதியே இச்சொல்லை நாம் பொதுப்பெயராகக் கையாள்கிறோம்.

நடையின் பின்புலம்

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு நாம் இலண்டனில் தங்கியிருந்த ஆண்டுகளில், ஆவணக் காப்பகத்துக்கும் நூலகத்துக்கும் செல்லும் வழியில் ‘போ’ வீதியையும் கிங்ஸ்வே சாலையையும் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். அப்போது அவை வெறும் பேருந்து வழிகளாகவே நம் கண்ணுக்குப் பட்டன. பல ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கிற்காக மீண்டும் அந்நகருக்குச் சென்றபோது, ஓய்வான ஒரு பிற்பகலில் இத்தகைய நடை ஒன்றில் கலந்துகொண்டோம். நன்கறிந்த தெருக்களை அறியாமலே இருந்திருக்கிறோம் என்பது அன்றுதான் புலனாயிற்று.

இந்நடைகள் திடீரெனத் தோன்றியவை அல்ல. 1970களில் இவ்வரலாறு பல்கலைக்கழகங்களுக்கு வெளியேதான் பெரிதும் தேடப்பட்டது. ஜெஃப்ரி வீக்ஸ் 1977இல் வெளியிட்ட நூலும், ஆலன் பிரே 1982இல் வெளியிட்ட நூலும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. 1982இல் ஹால்-கார்ப்பென்டர் ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. துண்டறிக்கைகள், இதழ்கள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றை நூலகங்கள் பேணாத காலத்தில் ஆர்வலர்களே அவற்றைச் சேர்த்து வைத்தனர்.

அரசு சார்ந்த நிறுவனங்களின் கவனம் மிகப் பிற்காலத்தில்தான் கிட்டியது. 2015இல் தென் இலண்டனிலுள்ள ராயல் வாக்ஸ்ஹால் டாவர்ன் எனும் மதுக்கூடம், தன்பாலீர்ப்பாளர் வரலாற்றுச் சிறப்பின் காரணமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2016இல் ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ அமைப்பு, லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இவ்வகை இடங்களை நாடு முழுவதும் அடையாளங்காணும் திட்டத்தை வெளியிட்டது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொன்விழாவை ஒட்டி 2017இல் ‘நேஷனல் டிரஸ்ட்’ அமைப்பும் தேசிய ஆவணக் காப்பகமும் சேர்ந்து, 1934ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் இரவு மன்றத்தை மீண்டும் அமைத்துக் காட்டியதோடு, சோஹோ பகுதியில் நடைகளையும் நடத்தின.

வழக்கேடுகள் வரைந்த வரைபடம்

நகரின் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்வது நம் தேவைக்கு ஏற்ற வழியாகும். காலமும் ஏறத்தாழ அதே வரிசையில் அமைகிறது.

இங்கிலாந்தில் 1533ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், ‘இயற்கைக்கு மாறான புணர்ச்சி’க்கு மரண தண்டனை விதித்தது. அதுவரை திருச்சபையின் நீதிமன்றங்களுக்கு உரியதாக இருந்த ஒரு பாவம் அன்றிலிருந்து அரசின் குற்றமாயிற்று. அம்மரண தண்டனை 1861 வரை சட்டப் புத்தகத்தில் நிலைத்திருந்தது.

ஹோல்போர்ன் பகுதியில் ஃபீல்ட் லேன் என்றொரு குறுந்தெரு இருந்தது. அங்கு மார்கரெட் கிளாப் எனும் பெண்மணி ஒரு மாலி இல்லத்தை நடத்தினார். 1726 பிப்ரவரியில் ஓர் இரவு அவ்வில்லம் சோதனையிடப்பட்டது. ஏறத்தாழ 40 பேர் பிடிபட்டனர். தொடர்ந்து நடந்த வழக்குகளின் முடிவில் கேப்ரியல் லாரன்ஸ், வில்லியம் கிரிஃபின், தாமஸ் ரைட் எனும் மூவர் அவ்வாண்டு மே 9ஆம் நாள் டைபர்னில் தூக்கிலிடப்பட்டனர். மார்கரெட் கிளாப்புக்குச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டதோடு, கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டிப் பொதுமக்கள் முன் நிறுத்தும் தண்டனையும் வழங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் சாலைப் பணிகளில் அத்தெருவின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. நடையில் வருவோர் அங்குக் காண்பது போக்குவரத்தை மட்டுமே.

இவ்விவரங்களை நாம் எவ்வாறு அறிகிறோம்? ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு நடவடிக்கைகள் அச்சிடப்பட்டு மக்களிடம் விற்கப்பட்டன. 1674 முதல் 1913 வரையிலான ஏறத்தாழ 197,000 வழக்குகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றின் முதற்பகுதி 2003இல் வெளியிடப்பட்டது. ரிக்டர் நார்ட்டன் 1992இல் வெளியிட்ட நூல் மாலி இல்லங்களின் வரலாற்றை விரிவாக மீட்டமைத்தது. அதற்கும் வழக்குப் பதிவுகளே முதன்மைச் சான்று.

இப்பதிவுகளில் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. மூர்ஃபீல்ட்ஸ் திடலின் குறுக்கே ஒரு நடைபாதை இருந்தது. ஆண்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமென்று அறியப்பட்டதால் மக்கள் அதற்கோர் இழிபெயரும் சூட்டியிருந்தனர். 1726இல் வில்லியம் பிரவுன் என்பவர் அங்குப் பிடிபட்டார். ஏன் இவ்வாறு நடந்துகொண்டாய் என்று கேட்டவர்களிடம், தம் உடலைத் தாம் விரும்பியவாறு பயன்படுத்துவதில் குற்றமேதும் இருப்பதாகத் தாம் கருதவில்லை என்று அவர் விடையிறுத்ததாகச் சாட்சிகள் நீதிமன்றத்தில் கூறினர். அவருக்கெதிரான சான்றாகவே அவ்விடை முன்வைக்கப்பட்டது. அவரைத் தண்டிக்க உதவிய அதே ஏடுதான், 300 ஆண்டுகள் கழித்து அவர் குரலை நாம் கேட்பதற்கான ஒரே வழியாகவும் உள்ளது. வழக்கேடு எனும் சான்றின் இருமுகத் தன்மை இங்குத் தெளிவாகிறது.

ஓல்ட் பெய்லியில் இன்று நிற்கும் கட்டடம் 1907இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விடத்தில் நியூகேட் சிறை இருந்தது. 1835 நவம்பர் 27ஆம் நாள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் எனும் இரு தொழிலாளிகள் அச்சிறையின் முன் தூக்கிலிடப்பட்டனர். இக்குற்றத்திற்காக இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதர்கள் இவர்களே. அவர்கள் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நாள்களில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அச்சிறையைப் பார்வையிட்டார். பின்னர் எழுதிய கட்டுரையில் அவர்களைப் பெயர் சுட்டாமல் குறிப்பிட்டார். ஒரு பெரும் படைப்பாளியின் நூலில் இடம்பெற்றும் அவ்விருவரும் பெயரற்றவர்களாகவே நின்றனர். பெயர்களைத் தருவது வழக்கேடே.

அங்கிருந்து மேற்கே சென்றால் கிங்ஸ்வே சாலை. 1905இல் திறக்கப்பட்ட இவ்வகன்ற சாலைக்காகப் பல பழைய தெருக்கள் இடிக்கப்பட்டன. கிளேர் மார்க்கெட் பகுதியை ஒட்டிய வியர் வீதியும் அவற்றுள் ஒன்று. அவ்வீதியின் ‘ஒயிட் ஸ்வான்’ மதுக்கூடத்தில் 1810 ஜூலை 8ஆம் நாள் காவலர்கள் நுழைந்து 27 பேரைக் கைது செய்தனர். அவர்களுள் ஆறு பேர் செப்டம்பரில் ஹேமார்க்கெட்டில் மரச்சட்டத்தில் பூட்டி நிறுத்தப்பட்டபோது, ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு அழுகிய காய்கறிகளையும் சேற்றையும் அவர்கள் மீது வீசினர். அடுத்த ஆண்டு மேலும் இருவர் தூக்கிலிடப்பட்டனர்.

நாம் கலந்துகொண்ட நடையின் வழிகாட்டி அவ்விடத்தில் எங்களை நிறுத்தினார். “இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவேதான் இங்கே நிற்கிறோம்” என்றார். சில நிமிடங்கள் எவரும் பேசவில்லை. கட்டடமும் தெருவும் அழிந்துபோன இடத்தில் ஒரு குழு வந்து நிற்பதே அவ்விடத்தின் நினைவுச் சின்னமாகிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

‘போ’ வீதி நீதிமன்றம்

கோவன்ட் கார்டன் அருகிலுள்ள ‘போ’ வீதி இந்நடைகளின் நடுமையம் எனலாம். அவ்வீதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மூன்று தலைமுறையினர் நின்றனர். 1870 ஏப்ரலில் எர்னஸ்ட் போல்ட்டன், ஃபிரெடரிக் பார்க் எனும் இருவர் பெண் உடையில் ஸ்ட்ராண்ட் நாடக அரங்கிலிருந்து வெளிவந்தபோது கைது செய்யப்பட்டு, அங்கிருந்த பழைய நீதிமன்றத்தில் முன்னிறுத்தப்பட்டனர். மறு ஆண்டு நடைபெற்ற விசாரணையில் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. சட்டத்தின்படி குறிப்பிட்ட ஒரு செயல் மெய்ப்பிக்கப்பட வேண்டியிருந்தது. உடையையும் நடத்தையையும் மட்டும் கொண்டு அதனை மெய்ப்பிக்க முடியவில்லை.

அந்த இடைவெளியை 1885ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. ஹென்றி லபூஷேர் எனும் நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவாயிற்று. ஆண்களுக்கிடையே நிகழும் ‘பெருத்த ஒழுக்கக்கேடு’ எதுவாயினும், பொதுவிடமாயினும் தனியிடமாயினும், ஈராண்டுச் சிறைக்குரியது என்றது அப்பிரிவு. ஒழுக்கக்கேடு எது என்பதை அது வரையறுக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1895 ஏப்ரலில் ஆஸ்கார் வைல்ட் கைதாகி ‘போ’ வீதிக்குக் கொண்டுவரப்பட்டார். மே 25ஆம் நாள் ஓல்ட் பெய்லியில் அப்பிரிவின் கீழ் அவருக்கு ஈராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

அருகிலுள்ள எண்டல் வீதியின் 81ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் 1934 ஜூலையில் ‘காரவான்’ எனும் இரவு மன்றம் திறக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் அங்குக் கூடினர். ஆகஸ்டு 25ஆம் நாள் காவலர்கள் சோதனையிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தனர். திறந்து ஆறு வாரங்களே ஆன ஒரு மன்றத்தைப் பற்றி இன்று நாம் இவ்வளவு அறிவதற்குக் காவல்துறையின் கோப்பே காரணம். அண்டை அயலாரின் முறையீடுகள், மாற்றுடையில் உள்நுழைந்த காவலர்களின் குறிப்புகள், கைப்பற்றப்பட்ட தனி மடல் ஆகியன தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 2017இல் அம்மன்றத்தை மீண்டும் அமைத்துக் காட்டியவர்களும் இக்கோப்பையே நம்பினர்.

‘போ’ வீதி நீதிமன்றம் 2006இல் மூடப்பட்டது. 2021 முதல் அக்கட்டடத்தில் தங்குவிடுதி ஒன்றும், காவல்துறை வரலாற்றைக் கூறும் ஒரு சிறு அருங்காட்சியகமும் இயங்கத் தொடங்கின.

ஏட்டில் இல்லாத பெண்கள்

இதுவரை கூறியவற்றுள் பெண்களை விரும்பிய பெண்கள் ஏறத்தாழ இடம்பெறவே இல்லை. மார்கரெட் கிளாப்கூட ஆண்கள் கூடிய இல்லத்தின் உரிமையாளராகவே ஏட்டில் நுழைகிறார். இதனை வழிகாட்டிகளின் கவனக்குறைவு என்று கொள்ளலாகாது. ஆங்கிலச் சட்டம் பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கவில்லை. குற்றமில்லாத இடத்தில் வழக்கில்லை. வழக்கில்லாத இடத்தில் ஏடுமில்லை.

1921இல் இந்நிலையை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 1885ஆம் ஆண்டுப் பிரிவைப் பெண்களுக்கும் விரிக்கும் திருத்தத்தைக் கீழவை ஏற்றது. பிரபுக்கள் அவை மறுத்தது. அங்கு எதிர்த்துப் பேசியவர்களுள் டெசார்ட் பிரபுவும் ஒருவர். 1895இல் வைல்ட் மீது வழக்குத் தொடரப்பட்டபோது அரசு வழக்குத் தொடரும் துறையின் இயக்குநராக இருந்தவர் இவரே. அவரும் தலைமை நீதியமைச்சர் பெர்கன்ஹெட் பிரபுவும் முன்வைத்த காரணம், இத்தகைய சட்டம் இதுபற்றிக் கேள்விப்பட்டேயிராத பெண்களுக்கு இதை அறிவித்துவிடும் என்பதாகும். பெண்களைச் சிறையிலிருந்து காத்தது பரிவு அன்று; அவர்களைப் பேசாமல் விடுவதே பாதுகாப்பு என்ற எண்ணமே ஆகும்.

ஏழாண்டுகளில் அம்மௌனம் உடைந்தது. ராட்கிளிஃப் ஹால் எழுதிய ‘தி வெல் ஆஃப் லோன்லினஸ்’ புதினம் 1928 ஜூலையில் வெளிவந்தது. நவம்பரில் அதே ‘போ’ வீதி நீதிமன்றத்தில், மாஜிஸ்திரேட் சார்ட்ரஸ் பைரன் அந்நூலின் படிகளை அழிக்க ஆணையிட்டார். பிரிட்டனில் அது மீண்டும் அச்சேற 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்களின் வாழ்வு அந்நீதிமன்றத்தின் ஏட்டில் நுழைந்தபோது, ஒரு நூலின் மீதான வழக்காகவே நுழைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பெண்களின் இடங்களைக் காண வேண்டுமெனில் நடை வேறு திசைக்குத் திரும்ப வேண்டும். செல்சியில் கிங்ஸ் சாலையும் பிராமர்ட்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் ‘கேட்வேஸ்’ மன்றம் 1931 முதல் 1985 வரை இயங்கியது. பச்சை வண்ணக் கதவைத் தள்ளிப் படியிறங்கிச் சென்றால் ஒரு சிறு நிலவறை. 1967 முதல் அது பெண்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. எண்டல் வீதிக்கு இருப்பது போன்ற ஒரு காவல்துறைக் கோப்பைக் கொண்டு இம்மன்றத்தின் வரலாறு எழுதப்படவில்லை. அங்குச் சென்றுவந்த பெண்களைத் தேடிக் கண்டு, அவர்கள் நினைவுகளைக் கேட்டுப் பதிந்து, ஜில் கார்டினர் 2003இல் நூலாக்கினார். ஆண்களின் வரலாற்றை வழக்கேடு தந்தது. பெண்களின் வரலாற்றை ஒருவர் மற்றொருவரிடம் சென்று கேட்க வேண்டியிருந்தது. வழிகாட்டி ஒருவர் வழக்கேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், மக்களுள் பாதிப்பேரை அறியாமலே நடையை முடித்துவிடுவார்.

சட்டத்தின் கடற்பயணம்

இலண்டன் நடையில் நம் பகுதியைச் சேர்ந்த ஒருவர் தனித்து உணரக்கூடிய செய்தி ஒன்றுண்டு. ஒரு தெருவில் நிகழ்ந்த வழக்கின் சட்டம் அத்தெருவோடு நிற்கவில்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 1533ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் அத்தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றியே சட்டம் இயற்றப்பட்டது. லபூஷேரின் திருத்தத்தை ஒட்டிய 377ஏ பிரிவு 1938இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வைல்டுக்கு விதிக்கப்பட்ட அதே ஈராண்டுதான் அதிலும் உச்சத் தண்டனை.

இங்கிலாந்தில் உல்ஃபெண்டன் குழு 1957இல் அறிக்கை அளித்தது. பத்தாண்டுகள் கழித்து, 1967இல், 21 வயது நிறைந்த ஆண்களின் தனியிட உறவு இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமல்லாதாயிற்று. ஆனால் அதற்குள் பேரரசின் பெரும்பகுதி விடுதலை பெற்றுவிட்டது. இலண்டன் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டபோது, அது அனுப்பிவைத்த சட்டம் பிற நாடுகளில் அந்நாடுகளின் சொந்தச் சட்டமாக நிலைபெற்றிருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்தோர் மனமொத்து இணையும் உறவுக்கு 377ஆம் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் 377ஏ பிரிவை நீக்கியது. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் இவ்வகைப் பிரிவுகள் தொடர்ந்து உள்ளன. இலங்கையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365ஏ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. 1921இல் பிரபுக்கள் அவை மறுத்ததை, அப்பேரரசிலிருந்து விடுபட்ட ஒரு நாடு ஏற்றுக்கொண்டதை வரலாற்று மாணவர் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

தாமே எழுதிய ஏடு

1970 அக்டோபர் 13ஆம் நாள் இலண்டன் பொருளியல் பள்ளியில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. அப்பள்ளியின் மாணவர் பாப் மெல்லர்சும் அவர் நண்பர் ஆப்ரி வால்ட்டரும் கூட்டிய அக்கூட்டத்தில் இலண்டன் தன்பாலீர்ப்பாளர் விடுதலை முன்னணி பிறந்தது. அடுத்த மாதம் 27ஆம் நாள் ஹைபெரி ஃபீல்ட்ஸ் திடலில் நடந்த கூடுகையே இவ்வகையில் பிரிட்டனின் முதல் பொது ஆர்ப்பாட்டமாகக் கருதப்படுகிறது. 1972 ஜூலை 1ஆம் நாள் இலண்டனின் முதல் ‘பிரைட்’ ஊர்வலம் நடந்தது.

இலண்டன் பொருளியல் பள்ளி அமைந்திருப்பது கிளேர் மார்க்கெட் பகுதியில். 1810இல் ‘ஒயிட் ஸ்வான்’ சோதனையிடப்பட்ட வியர் வீதிக்கு மிக அண்மையான நிலம் அது. மேலே குறிப்பிட்ட ஹால்-கார்ப்பென்டர் ஆவணங்களும் இன்று அப்பள்ளியின் நூலகத்திலேயே உள்ளன. காவலர்கள் முதலில் எழுதிய இடத்தில், 160 ஆண்டுகள் கழித்து அம்மக்கள் தாமே கூடித் தம் கூட்டக் குறிப்பை எழுதினர். பின்னர் அக்குறிப்புகள் அங்கேயே காப்பகத்தில் சேர்ந்தன. இடங்கள் இவ்வாறு ஒன்றன் மேல் ஒன்றாய்ப் படிந்திருப்பதை நூலகத்தில் அமர்ந்திருந்தபோது நாம் கண்டிலோம், நடந்தபோதுதான் கண்டோம்.

புளூம்ஸ்பெரியின் மார்ச்மண்ட் வீதியில் 1979இல் ‘கேஸ் தி வேர்ட்’ எனும் புத்தகக் கடை திறக்கப்பட்டது. 1984இல் சுங்க அதிகாரிகள் நூற்றுக்கணக்கான நூல்களைக் கைப்பற்றினர். வழக்கு 1986இல் கைவிடப்பட்டது; கடை நிலைத்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் பிரன்ஸ்விக் சதுக்கம். இந்தியாவைப் பற்றிய தம் புதினத்தால் நம் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான ஈ. எம். ஃபார்ஸ்டர் அங்குச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1913-14இல் எழுதிய ‘மாரிஸ்’ புதினத்தை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டு, 1971இல், அது வெளிவந்தது. மேற்கே ஃபிட்ஸ்ரோவியாவில் மிடில்செக்ஸ் மருத்துவமனை இருந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கென அமைந்த அதன் பிராடரிப் பிரிவை 1987இல் இளவரசி டயானா திறந்துவைத்தார். மருத்துவமனை இடிக்கப்பட்டது; அதன் சிற்றாலயம் இன்றும் எஞ்சியுள்ளது.

சோஹோவின் ஓல்ட் காம்ப்டன் வீதியில் பல நடைகள் நிறைவடைகின்றன. அங்குள்ள ‘அட்மிரல் டங்கன்’ மதுக்கூடத்தில் 1999 ஏப்ரல் 30ஆம் நாள் வெடித்த ஆணிக்குண்டு மூவரைக் கொன்றது. எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதே மனிதன் அதற்கு முந்தைய இரு வாரங்களில் கறுப்பினத்தவர் மிகுந்த பிரிக்ஸ்டனிலும், வங்காளதேசத்தவர் வாழும் பிரிக் லேனிலும் குண்டு வைத்திருந்தான். பிரிக்ஸ்டனையும் பிரிக் லேனையும் பேசாமல் சோஹோவை மட்டும் பேசும் நடை, அவ்வெறுப்பின் முழு உருவத்தைக் காட்டத் தவறுகிறது.

நடைகளின் வரம்பு

இந்நடைகளுக்குக் குறைகளும் உள. முதலாவது, புகழ்பெற்றோர் மீதான சாய்வு. வைல்டுக்குச் செல்சியின் டைட் வீதி இல்லத்தில் 1954இலேயே நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. சேரிங் கிராஸ் அருகே மேகி ஹாம்பிளிங் வடித்த சிற்பம் 1998இல் நிறுவப்பட்டது. பிராட்டையும் ஸ்மித்தையும் போன்ற எளியோருக்கு வழிகாட்டியின் குரலே பலகை. இரண்டாவது, காலமயக்கம். மேட் ஹௌல்புரூக் 2005இல் வெளியிட்ட ஆய்வு, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்கூடத் தொழிலாளர் வகுப்பு ஆண்கள் பலர் இன்றைய அடையாளப் பெயர்களுக்குள் தம்மை அடக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, இருளிலிருந்து ஒளிக்கு என்று நேர்க்கோட்டில் கதை சொல்லும் விருப்பம். பள்ளிகளிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடுத்த 28ஆம் பிரிவு 1988இல், அதாவது 1967க்கு 21 ஆண்டுகளுக்குப் பின்னர்தான் வந்தது. 2003 வரை அது இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது. வரலாறு பின்னோக்கியும் நடக்கும்.

முடிவுரை

இலண்டன் நடைகளிலிருந்து நாம் பெறும் பாடம் அந்நகருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுத் தோட்டப்புறத் தமிழர்களின் தொடக்க கால வரலாற்றையும் நாம் பெரிதும் குடியேற்ற அரசின் அறிக்கைகளிலிருந்தும், ஓடிப்போன கூலிகள் மீதான வழக்குகளிலிருந்தும்தான் கற்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவரே அங்கும் பெயர் பெறுகிறார். அமைதியாக வாழ்ந்து மறைந்தவர் பெயரின்றிப் போகிறார். அங்கும் பெண்கள் ஏட்டில் அருகியே காணப்படுகின்றனர். ஆகவே வழக்கேட்டைப் படிப்பவர் இரு வினாக்களை எழுப்ப வேண்டும். இதை எழுதியவர் எதற்காக எழுதினார்? இதில் எழுதப்படாதவர் யார்? முதல் வினாவுக்கு விடை காப்பகத்தில் உண்டு. இரண்டாம் வினாவுக்கு விடை காண, ‘கேட்வேஸ்’ வரலாற்றை எழுதியவர் செய்ததுபோல், உயிரோடு இருப்பவர்களிடம் காலந்தாழ்த்தாமல் சென்று கேட்க வேண்டும்.

அந்த மாலை நடை முடிந்து, நாம் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பும் வழியில் மீண்டும் கிங்ஸ்வேயைக் கடந்தோம். அலுவலகம் விட்டு மக்கள் விரைந்துகொண்டிருந்தனர். வியர் வீதி இருந்திருக்கக்கூடிய இடம் எதுவென்று நின்று பார்த்துவிட்டே சென்றோம். மாணவப் பருவத்தில் ஒருமுறையேனும் அவ்வாறு நின்றிருந்தால், அப்போது நம் கையிலிருந்த குடியேற்றக் கால நீதிமன்றக் கோப்புகளை வேறு விதமாகப் படித்திருப்போம்.